‘சும்மா’ இருக்கும் பொருள்

1

இந்தியாவில் விற்கிற மாத்திரை அட்டை எதையாவது திருப்பிப் பார்த்தால், மருந்தின் பெயருக்கு எதிரே 500 மில்லிகிராம், 650 மில்லிகிராம் என்று கறாராக ஒரு கணக்கு இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘துணைப்பொருட்கள்: தேவையான அளவு’ என்ற பொருளில் ஓர் ஆங்கில வரி. மருந்துக்கு எண் உண்டு. மருந்தைத் தாங்கி வருகிற பொருளுக்கு எண் கிடையாது. மாவு, பிசின், செல்லுலோஸ் எல்லாம் மருந்தியலின் சொல்லாடலில் ‘செயலற்றவை’. பேச்சுத் தமிழில் சொன்னால், சும்மா இருப்பவை.

‘சும்மா’ தமிழில் லேசுப்பட்ட சொல் இல்லை. சித்தர் மரபில் சும்மா இருப்பது பெரும் பேறு. அதே தமிழில், சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்க்கிற பெண்ணைப் பற்றிக் கேட்டால் ‘அவ வீட்ல சும்மாதான் இருக்கா’ என்று பதில் வரும். ஒன்றைச் சும்மா இருப்பதாகச் சொல்கிறவர் அதை விவரிப்பதோடு நிற்பதில்லை; அது செய்கிற வேலையைப் பார்க்க மாட்டேன் என்றும் முடிவு செய்துவிடுகிறார். பெயரிடுதலில் இருக்கிற இந்த அதிகாரம் மனிதர்கள் விஷயத்தில் நமக்கு ஓரளவு பிடிபட்டுவிட்டது. பொருட்கள் விஷயத்தில் இன்னும் பிடிபடவில்லை.

இயற்கையில் கிடைக்கிற நீண்ட சங்கிலி மூலக்கூறுகளை, அதாவது பிசின், மாவுச்சத்து, பஞ்சு போன்ற பாலிமர்களை, எடுத்து, வேதியியல் ரீதியாக மாற்றி, தண்ணீரில் கரைத்து மனித உடம்புக்குள் செலுத்திவந்த நூறாண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அதன் நடுவில் நிற்பது ஹைட்ராக்சிஎத்தில் ஸ்டார்ச் என்கிற மாவுக் கரைசல். 1972இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. ‘சும்மா இடத்தை நிரப்பும்’ என்று சொல்லி ஏற்றப்பட்ட ஒரு பொருள் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தது என்று தெரிய ஐம்பது வருஷம் ஏன் ஆயிற்று? கட்டுரையின் கேள்வி இதுதான்.

2

முதலில் கரைசல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். உப்பைத் தண்ணீரில் போட்டால் கரைந்து காணாமல் போகும். தண்ணீர் தண்ணீராகவே ஓடும். கஞ்சி அப்படியில்லை. ஒரு கைப்பிடி அரிசிமாவு ஒரு பானைத் தண்ணீரையே குழகுழவென்று ஆக்கிவிடும். சுட்டால் இளகும், ஆறினால் இறுகும். இங்கே கரைந்த பொருள் தண்ணீரில் காணாமல் போகவில்லை. தண்ணீரைத் தன் பிடிக்குள் கொண்டுவந்திருக்கிறது. நீண்ட சங்கிலிகள் நீரில் அவிழ்ந்து, ஒவ்வொன்றும் தன் எடையைப்போல் பல மடங்கு நீரைச் சுருட்டி வைத்துக்கொள்கின்றன. இதனால் இரண்டு விளைவுகள்: கரைசலின் பாகுத்தன்மை கூடுகிறது; சிறு மூலக்கூறுகள் நுழைந்து வெளியேறும் சவ்வுக்குள் இந்தப் பெரியவை மாட்டிக்கொண்டு, தண்ணீரையும் தங்களோடு பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இந்த இரண்டாவது விளைவு போர்க்களத்தில் தேவைப்பட்டது. முதல் உலகப் போரில் இரத்தம் இழந்து அதிர்ச்சி நிலைக்குப் போன சிப்பாய்களுக்கு உப்பு நீர் ஏற்றிப் பார்த்தார்கள். ஏற்றிய நீர் சிறிது நேரத்தில் இரத்தக் குழாயைவிட்டுக் கசிந்து திசுக்களுக்குள் போய்விட்டது. இரத்தத்திலுள்ள புரதங்கள்தான் நீரைக் குழாய்க்குள் பிடித்து வைத்திருக்கின்றன என்று எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896இலேயே விளக்கியிருந்தார். அவரோடு சேர்ந்து பணியாற்றிய உடலியலாளர் வில்லியம் பேலிஸ் 1917 வாக்கில் ஒரு மாற்று வழி சொன்னார்: உப்பு நீரில் 6 சதவீதம் அரபுப் பிசினைக் கரைத்து ஏற்றுங்கள், புரதத்தின் வேலையைப் பிசின் செய்யும். நம்மூர்க் கருவேலம் பிசினுக்கு உறவு முறையான பிசின் அது. முக்கியமாக வந்தது அப்போது பிரிட்டிஷ் பிடியிலிருந்த சூடானிலிருந்து. ஆப்பிரிக்க வறள்காட்டு மரத்தின் பிசின், பிரான்சின் பதுங்குகுழியில் அடிபட்டுக் கிடந்தவர்களின் நாளத்துக்குள் போயிற்று. காலனியத்தின் சரக்குப் பாதை மனித உடம்புவரை நீண்டிருந்தது.

பேலிஸ் பிசினைத் தேர்ந்தெடுத்த காரணத்தைக் கவனிக்க வேண்டும். அதன் பாகுத்தன்மையும் நீரைப் பிடித்து வைக்கும் அழுத்தமும் இரத்தத்தை ஒத்திருந்தன. வேதியியல்ரீதியாக அது எதோடும் வினைபுரிவதாகத் தெரியவில்லை. ஆக, கண்ணாடிக் குடுவையில் அளந்த இரண்டு எண்களும், ‘சும்மா இருக்கும்’ என்ற ஒரு நம்பிக்கையும். பின்னால் வந்த ஆய்வுகள், ஏற்றிய பிசின் கல்லீரலில் போய்த் தங்கிக்கொள்வதைக் காட்டின. மனித உடம்பில் அதை அறுக்கும் நொதி இல்லை. ஆனால் அந்த மூன்று படிகள், அதாவது போர், குடுவையில் அளந்த எண், ‘சும்மா’ என்ற தீர்ப்பு, அடுத்த நூறாண்டுக்கு ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டன.

3

பேலிஸ் காலத்தில் இந்தப் பிசினும் மாவும் உண்மையில் என்ன என்பதே தெரியாது. சிறு மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கும் ‘கூழ்மம்’ என்றுதான் பெரும்பாலான வேதியியலாளர்கள் நம்பினார்கள். 1920இல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் அதை மறுத்தார். ரப்பர், செல்லுலோஸ், மாவு ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான அணுக்கள் முறையான வேதிப் பிணைப்பால் கோத்த ஒரே மூலக்கூறு என்றார். அத்தனை பெரிய மூலக்கூறு இருக்கவே முடியாது என்று அன்றைய பெரும்புள்ளிகள் அவரை மறுத்தார்கள். ரப்பரை ஒழுங்காகச் சுத்தம் செய்தால் சிறு மூலக்கூறுதான் கிடைக்கும் என்று அறிவுரை சொன்னவர்களும் உண்டு.

அவர் நிரூபித்த முறை நம் கதைக்கு நேரடியாகத் தேவை. மாவையும் செல்லுலோஸையும் எடுத்து, அவற்றின் ஹைட்ராக்சில் தொகுதிகளில் அசிட்டைல் தொகுதியை மாட்டினார். பொருளின் கரையும் குணமே மாறிவிட்டது. தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, வேறு கரைப்பான் தேவைப்பட்டது. பிறகு மாட்டியதைக் கழற்றிப் பழைய பொருளாகவே ஆக்கினார். ஒவ்வொரு கட்டத்திலும் சங்கிலியின் நீளத்தை அளந்தால் அது மாறவில்லை. வெறும் கும்பலாக இருந்தால் கரைப்பான் மாறும்போது கும்பலின் அளவும் மாறியிருக்கும். மாறாததால் அது ஒரே மூலக்கூறு. மாற்றியமைத்த இயற்கைப் பாலிமரின் கரைசல் நடத்தைதான் பாலிமர் அறிவியலுக்கே அடித்தளம் போட்டது. (சங்கிலி விறைத்த குச்சியாக நிற்கும் என்று அவர் நினைத்தது சரியில்லை, நெளிந்து சுருண்ட நூல்போல இருக்கும் என்று 1930களில் வெர்னர் கூன் காட்டினார்.)

இதெல்லாம் நடந்தது பெரும்பாலும் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில். தத்துவம் படிக்கிறவர்களுக்கு அந்த ஊர் தெரியும். 1933இல் அங்கே ரெக்டராக வந்தவர் மார்ட்டின் ஹைடெக்கர். முதல் உலகப் போரின்போது ஸ்விட்சர்லாந்திலிருந்த ஸ்டாடிங்கர் போருக்கு எதிராக நின்றவர். விஷவாயுவைப் பற்றி ஃப்ரிட்ஸ் ஹேபரோடு மோதியவர். இதைத் தோண்டியெடுத்து நாஜி அரசுக்குத் தகவல் கொடுத்தவர் ஹைடெக்கர். கெஸ்டபோ விசாரித்தது. 1934 பிப்ரவரியில் பணிநீக்கமே பொருத்தம் என்று ஹைடெக்கர் எழுதினார். வெளிநாட்டில் ஸ்டாடிங்கருக்கு இருந்த பெயரைக் கருதி விஷயம் பிறகு தணிக்கப்பட்டது. ஸ்டாடிங்கரிடம் ராஜினாமாக் கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு விட்டார்கள். வரலாற்றாசிரியர் ஹூகோ ஓட் 1980களில் ஆவணங்களோடு இதை வெளிப்படுத்தினார். 1953இல் ஸ்டாடிங்கருக்கு நோபல் பரிசு. அதே 1953 நவம்பரில் ஹைடெக்கர் மூனிக்கில் நவீனத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசினார்: எல்லாவற்றையும் எடுத்துப் பயன்படுத்தத் தயாராகக் கிடக்கும் கையிருப்பாக அது மாற்றிவிடுகிறது என்று.

கருத்தை எடுத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை, சொன்னவரின் யோக்கியதை தெரிந்தே எடுத்துக்கொள்ளலாம். பாலிமர் வரலாற்றில் அந்தக் ‘கையிருப்பு’ இரண்டு பக்கமும் இருக்கிறது. மாவும் பிசினும் கையிருப்பு. அதிர்ச்சி நிலையில் படுத்திருக்கும் உடம்பும் கையிருப்பு. சம்மதமோ மறுப்போ சொல்ல முடியாத உடம்பு அது.

4

அடுத்த பொருள் டெக்ஸ்ட்ரான். சர்க்கரை ஆலைகளில் சாறு சில சமயம் கெட்டுக் கொழகொழவென்றாகி வடிகட்டிகளை அடைத்துவிடும். ஒருவகைப் பாக்டீரியா சர்க்கரையிலிருந்து செய்கிற பாலிமர் அது. ஸ்வீடனின் உப்சாலாவில் க்ரோன்வாலும் இங்கெல்மனும் 1940களில் இந்தக் கோழையை அமிலத்தால் அளவாக வெட்டி, இரத்தத்துக்கு மாற்றாக ஏற்றலாம் என்றார்கள். 1947இல் அது மருந்தாகச் சந்தைக்கு வந்தது. கொரியப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு அது தேவைப்பட்டது. பியோரியா அரசு ஆய்வுக்கூடத்தில் அலீன் ஜீன்ஸ் தலைமையில் அதை உற்பத்தி செய்யும் வழிகள் கண்டறியப்பட்டன. நிலையான டெக்ஸ்ட்ரான் தந்த பாக்டீரியா ஒன்று கெட்டுப்போன ஒரு பானத்திலிருந்து கிடைத்தது. மறுபடியும் போர், மறுபடியும் குடுவை. சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையும் இரத்தம் உறைவதில் கோளாறும் வருவது பின்னால் தெரிந்தது.

இதே டெக்ஸ்ட்ரான்தான் மருந்தைச் சுமக்கும் வாகனமாகவும் ஆயிற்று. இரும்பைத் தனியாக நாளத்தில் செலுத்த முடியாது. டெக்ஸ்ட்ரான் உறைக்குள் வைத்தால் கரைசலிலேயே நிற்கும். 1950களிலிருந்து இரத்தசோகைக்குக் கொடுக்கப்பட்ட இரும்பு ஊசி இது. இங்கும் ஆபத்தான ஒவ்வாமைக்குக் காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது பெரும்பாலும் இரும்பு இல்லை, ‘சும்மா’ கூடவந்த உறை. சுமையைவிட வண்டி ஆபத்து.

5

இனி மாவு. சாதாரண மாவுச்சத்தை இரத்தத்தில் ஏற்றினால் இரண்டு பிரச்சினை. ஒன்று, ஆறின கஞ்சிபோல் கரைசல் இறுகிப் படியும். இரண்டு, இரத்தத்திலிருக்கும் அமைலேஸ் நொதி சில நிமிஷங்களில் அதை வெட்டிப்போட்டுவிடும். 1950களின் கடைசியிலும் 60களிலும் இதற்கு ஒரு வழி வந்தது. மக்காச்சோளத்தின் ஒரு வகையிலிருந்து கிளைகள் நிறைந்த மாவுச்சத்தை எடுத்து, எத்திலீன் ஆக்சைடோடு வினைபுரிய விட்டு, குளுக்கோஸ் அலகுகளின் மேல் ஆங்காங்கே ஹைட்ராக்சிஎத்தில் தொகுதிகளை ஒட்டினார்கள். சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படியாமல் அவை தடுத்தன. கரைசல் ஆறினாலும் இறுகவில்லை. நொதியின் வாய்க்கும் அவை முள்ளாக நின்றன, வெட்டுவது தாமதமானது. குடுவையில் நிற்கிறது, இரத்தத்திலும் நிற்கிறது. அருமையான வேதியியல், சந்தேகமில்லை.

இந்தப் பொருளுக்கு இரண்டு எண்களால் பெயர் வைத்தார்கள். 450/0.7 என்றால் சராசரி மூலக்கூறு எடை 4,50,000. பத்து குளுக்கோஸுக்குச் சராசரி ஏழு ஒட்டுகள். பிறகு 200/0.5 வந்தது, அதன் பிறகு 130/0.4. ‘சராசரி’ என்ற சொல்லை மறக்கக் கூடாது. ஒரே புட்டிக்குள் குட்டையும் நெட்டையுமாகக் கோடிக்கணக்கான சங்கிலிகள். குட்டையானவை சிறுநீரகம் வழியே சீக்கிரம் வெளியேறும். நெட்டையானவை வெட்டுப்படும்வரை காத்திருக்க வேண்டும். ஒட்டு அதிகமுள்ள துண்டுகளை நொதியும் சுலபத்தில் தீண்டாது. இவற்றில் ஒரு பங்கை உடம்பின் துப்புரவு செல்கள் விழுங்கிவைக்கின்றன. தோலில், கல்லீரலில், சிறுநீரகத்தில் தங்குகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் தீராத அரிப்பு வந்தது. எதனால் என்று பல காலம் நோயாளிக்கும் தெரியாது. பார்த்த மருத்துவரும் எப்போதோ ஏற்றிய ‘திரவத்தை’ யோசிக்கவில்லை.

இங்கேதான் முழு விஷயமும் இருக்கிறது. இரத்தத்தில் தங்குவதற்காகச் செய்த மாற்றமும் உடம்பைவிட்டுப் போகாமலிருக்கக் காரணமான மாற்றமும் ஒரே மாற்றம். குணமும் கேடும் ஒரே ஒட்டில் இருக்கின்றன. ‘பக்கவிளைவு’ என்ற சொல் இதைப் பிரித்துக் காட்டி ஏமாற்றுகிறது: நடுவில் ஒரு நல்ல விளைவு, ஓரத்தில் ஒரு கெட்ட விளைவு என்பதுபோல. இந்த மூலக்கூறுக்கு நடுவும் கிடையாது, ஓரமும் கிடையாது. தங்குவது ஒன்றுதான் அது செய்கிற வேலை. குழாயில் தங்கினால் சிகிச்சை, சிறுநீரகத்தில் தங்கினால் நோய்.

6

தங்குகிறது என்று தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை? மூன்று காரணங்கள் சொல்லலாம்.

ஒன்று, எதை அளந்தார்கள் என்பது. கரைசலை ஏற்றினால் இரத்த அழுத்தம் கண்ணெதிரே ஏறும். ‘பார், வேலை செய்யுது’ என்று திரை காட்டும். மூன்று மாதம் கழித்து அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா, சிறுநீரகம் ஓடுகிறதா என்ற கேள்வி வேறு. அது திரையில் தெரியாது. வெறும் நிரப்புப் பொருளுக்கு அவ்வளவு தூரம் போய் யார் கேட்பார்கள்?

இரண்டு, தலைமுறை என்ற கதையாடல். ஒவ்வொரு முறை கேடு வெளிப்பட்டபோதும், ‘அது பழைய தலைமுறை, புதுசு பத்திரம்’ என்ற பதில் தயாராக இருந்தது. ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2008இல் வெளியானது: கடும் தொற்றில் கிடந்தவர்களுக்கு 200/0.5 கரைசல் சிறுநீரகச் செயலிழப்பைக் கூட்டியது. அது பழையது என்றார்கள். 2012இல் ஸ்கேண்டிநேவிய நாடுகளில் 798 நோயாளிகளிடம் செய்த ஆய்வு, புதிய 130/0.42 கரைசலையே எடுத்துக்கொண்டது. மாவுக் கரைசல் பெற்ற 398 பேரில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 201. சாதாரண உப்புக் கரைசல் வகை பெற்ற 400 பேரில் 172. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 7,000 பேரிடம் செய்த ஆய்வில் இறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் சிறுநீரகத்துக்கு மாற்றாக இயந்திரம் தேவைப்பட்டவர்கள் மாவுக் கரைசல் பக்கம் 7 சதவீதம், உப்பு நீர்ப் பக்கம் 5.8. கடும் தொற்றில் குழாய்ச் சுவரே ஓட்டையாகிவிடுகிறது. பெரிய மூலக்கூறுகளும் கசிந்து திசுவுக்குள் போய்விடுகின்றன. ‘குழாய்க்குள் பிடித்து வைக்கும்’ என்ற வாதத்தின் அடிப்படையே எந்த உடம்புக்கு அது அதிகம் தேவைப்பட்டதோ அந்த உடம்பில் பொய்த்துப்போகிறது. குடுவைச் சவ்வில் ஓட்டை விழுவதில்லை.

மூன்றாவது காரணம் கசப்பானது. இந்தக் கரைசல் பாதுகாப்பானது என்று எழுதிக் குவித்தவர்களில் முதன்மையானவர் ஜெர்மானிய மயக்கவியல் நிபுணர் யோவாகிம் போல்ட். 2009இல் அவர் வெளியிட்ட கட்டுரை பொய் என்று தெரிந்து 2010இல் திரும்பப் பெறப்பட்டது. 2011இல் அவருடைய எண்பதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளுக்கு முறையான ஆய்வுநெறி அனுமதியே இல்லை என்று ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் அறிவித்தார்கள். 2013இல் வந்த ஒரு தொகுப்பாய்வு அவருடைய ஆய்வுகளைக் கழித்துவிட்டுக் கணக்குப் போட்டது: தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் மாவுக் கரைசல் இறப்பையும் சிறுநீரகக் கேட்டையும் கூட்டுவது தெளிவாக வெளிப்பட்டது. ஒரு மனிதரின் மோசடி என்று இதை மூடிவிடுவது சுலபம். ஆனால் அந்தப் பொய் அத்தனை வருஷம் செல்லுபடியானதற்கு, ஏற்கனவே எல்லாரும் நம்பத் தயாராக இருந்ததை அவர் எழுதினார் என்பதுதான் காரணம். ‘சும்மா இருக்கிறது’ என்ற தீர்ப்புக்கு ஆதாரம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

2013இல் அமெரிக்கா கடும் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. ஐரோப்பா 2013இலும் 2018இலும் கட்டுப்பாடு போட்டது. கட்டுப்பாட்டை மீறியும் கொடுக்கப்படுவது தொடர்ந்து தெரியவந்ததால் 2022இல் அனுமதியை நிறுத்திவைத்தது. இரத்தப்போக்கின்போது அளவாகக் கொடுத்தால் பயனுண்டு என்று வாதிடும் மருத்துவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதம் நடக்கட்டும். அது எண்களோடு நடக்கிறது. ‘சும்மா’ என்ற சொல்லைவிட அது எவ்வளவோ மேல்.

7

இதை வைத்து இயற்கைப் பாலிமர் எல்லாம் விஷம் என்று முடிவுக்கு வருவது அபத்தம். எதிர் உதாரணம் பஞ்சுப் பக்கம் இருக்கிறது. செல்லுலோஸ் தண்ணீரில் கரையாது. அதன் ஹைட்ராக்சில்களில் சிலவற்றில் மெத்தில், ஹைட்ராக்சிபுரோப்பில் தொகுதிகளை மாட்டினால் கரையும், அதுவும் விசித்திரமாக. பச்சைத் தண்ணீரில் கரைந்து, சூடாக்கினால் இறுகும், கஞ்சிக்கு நேர்தலைகீழ். மெல்லக் கரையும் மாத்திரைகளில் மருந்தைப் பிடித்து வைத்து, மணிக்கணக்கில் கசியவிடுவது இந்தப் பொருள் ஊறிக் கட்டுகிற வழவழப்புதான். குடலுக்கு இதைச் செரிக்கத் தெரியாது. செரிக்காததால் வந்த வழியே கீழே போய்விடுகிறது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குடலில் ‘செரிக்காது’ என்றால் வெளியேறிவிடும் என்று அர்த்தம். இரத்தத்தில் ‘செரிக்காது’ என்றால் தங்கிவிடும் என்று அர்த்தம். ஒரே குணம், இடம் மாறினால் நேர் எதிரான பொருள். ஒரு சொல்லின் அர்த்தம் அதற்குள்ளேயே இல்லை, மற்றச் சொற்களோடு அது கொள்ளும் உறவில் இருக்கிறது என்று மொழியியலில் படித்துவிட்டு, பொருட்களின் ‘குணம்’ மட்டும் அவற்றுக்குள்ளேயே பத்திரமாக இருப்பதாக நம்புகிறோம். செயலின்மை எந்த மூலக்கூறின் சொத்தும் இல்லை. எந்த உறுப்பில், எவ்வளவு நேரம், என்ன நிலையிலிருக்கும் உடம்பில் என்று கேட்ட பிறகு கிடைக்கிற பதில் அது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி எப்போது எழுகிறது என்பதும் கவனத்துக்குரியது. 2016இல், மாட்டெலும்பு போன்றவற்றிலிருந்து செய்யும் ஜெலட்டின் மருந்துக்கூடுகளை மாற்றிச் செல்லுலோஸ் கூடுகளைக் கொண்டுவரலாமா என்று ஒன்றிய அரசு ஆலோசித்தது. ஆக, ‘தேவையான அளவு’ என்று பொடி எழுத்தில் கிடந்த பொருளும் பேசுபொருள் ஆக முடியும்; அது சைவமா அசைவமா என்று கேட்கும்போது. அதே அக்கறை, நாளத்துக்குள் புட்டி புட்டியாக ஏறும் சோளமாவு எங்கே போய்த் தங்குகிறது என்பதில் எழவில்லை. சோளம் சைவம்தானே! தூய்மை பற்றிய பதற்றம் துணைப்பொருளைப் பார்க்க வைத்தது. சிறுநீரகம் பற்றிய கவலை பார்க்க வைக்கவில்லை.

1975இல் ஹெல்முட் ரிங்ஸ்டார்ஃப் பாலிமரால் மருந்து கொண்டுசெல்வதற்கு ஒரு வரைபடம் போட்டார்: ஒரு முதுகெலும்புச் சங்கிலி, அதில் கரைய வைக்க ஒரு தொகுதி, மருந்து ஒன்று, குறிப்பிட்ட உறுப்புக்கு வழிகாட்ட ஒன்று. இன்றைக்கு டெக்ஸ்ட்ரான், மாவு, செல்லுலோஸ் எல்லாவற்றையும் அந்த முதுகெலும்பாக வைத்து உலகெங்கும் ஆய்வுகள் நடக்கின்றன. புற்றுநோய்க்கும் மற்ற நோய்களுக்கும் அவற்றால் நன்மை கிடைக்கலாம். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த ஆய்வு அறிக்கைகளிலும் ‘இயற்கையானது, நச்சற்றது, உடம்புக்கு ஒத்துப்போவது’ என்ற மூன்று அடைமொழிகள் முதல் பத்தியிலேயே வந்து உட்கார்ந்துவிடுகின்றன. பேலிஸ் பிசினைப் பற்றி நம்பியதும் ஏறக்குறைய இதைத்தான்.

மருத்துவமனையில் நம்மவர் ஒருவருக்குப் புட்டி மாட்டும்போது ‘இது என்ன?’ என்று கேட்டால், ‘சும்மா தெம்புக்கு’ என்று பதில் வரும். மருந்தரசியல் பேசுகிற நம் இயக்கங்கள் காப்புரிமை, விலை, தட்டுப்பாடு பற்றிப் போராடியிருக்கின்றன. மருந்து என்ற பெயரே கிடைக்காத பொருட்கள் இன்னும் அந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. குறைந்தபட்சம் அட்டையின் பின்பக்கத்து அந்த வரியில், பொருளின் பெயரும் எடையும் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். எண் இல்லாத இடத்தில்தான் ‘சும்மா’ குடியிருக்கிறது.